முப்பத்தொன்பது ராடு

நேற்றுவரை அந்தக் குழிக்குள் அப்படி ஒன்று இருந்ததில்லை.

பெனடிக்ட் ஆட்டத்தை நிறுத்திவிட்டு லேப்டாப் திரையை முகத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தான். பகல் மூன்று மணி. மழைக்கு முந்தைய புழுக்கம் அரிசிபாளையத்துச் சந்து முழுவதும் இறங்கியிருந்தது. மின்விசிறி சுற்றியும் காற்று வராத அந்த முன்னறையில், அவன் மனைவி வினோலியா பள்ளிச் சீருடை தைக்கிற மோட்டார் மெஷின் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. புதுத்துணியின் கஞ்சி வாசமும் மெஷின் எண்ணெயின் வாசமும் கலந்து மூக்கில் ஒட்டிக்கொண்டன. திரையில் ஏழாம் தளம். செங்கல் வளையம் வளையமாக அடுக்கிய குறுகலான குழி ஒன்று நேர் கீழே இறங்கியது. அதன் அடியில், எப்போதும் வெறும் இருட்டு மட்டுமே கிடக்கிற இடத்தில், நாலே சதுர உயரத்துக்கு ஒரு சின்ன உருவம் நின்றிருந்தது. முகத்துக்கு ஒரு வெள்ளைச் சதுரம். தலைக்கு மேல் தூக்கிய ஒரு கை.

அது அடிக்க வரவில்லை. அசையக்கூட இல்லை. வழியை மறித்துக்கொண்டு நின்றது, அவ்வளவுதான்.

“இங்க வந்து பாரு வினோ. இது நேத்து இல்ல.”

மெஷின் நின்றது. வினோலியா நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி வந்து அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, உங்க ராசா இன்னைக்கு எத்தன தடவ செத்தாருங்க?”

“பதினொண்ணு.”

“அடக்கம் எப்பங்க? மால வாங்கோணுமல்ல.” சிரித்தவள் திரையைப் பார்த்ததும் குரலைத் தணித்தாள். “பாவம், சின்னப்புள்ளையாட்டம் இருக்குது. தூக்குங்கற மாதிரி கையத் தூக்கிட்டு நிக்குது.”

“வழிய மறிக்குது.”

“சுத்திப் போங்களேன்.”

“ஆறரை இஞ்ச் குழில எங்கடி சுத்திப் போறது?”

சொன்ன பிறகுதான் அந்த அளவு தன் வாயில் எப்படி வந்தது என்று அவனுக்குத் திக்கென்றது. வினோலியா அதைக் கவனிக்கவில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வாள் பொத்தானை அழுத்தினான். உருவம் சதுரம் சதுரமாக உதிர்ந்து மறைந்தது. அந்த ஆட்டத்தில் எது விழுந்தாலும் ஒரு மணிச்சத்தம் கேட்கும். இது விழுந்தபோது மணி அடிக்கவில்லை. அழுது முடித்த பிள்ளை மூக்கால் மூச்சை இழுப்பதுபோல ஒரு சத்தம் மட்டும் வந்தது.

ஆறு வாரமாக அந்த ஆட்டம்தான் அவனுக்கு ஊணும் உறக்கமும். எங்கோ வெளிநாட்டில் நாலைந்து பேர் சேர்ந்து செய்ததாம். பழைய காலத்து டிவி கேம்போல எல்லாமே கட்டம் கட்டமாக, விரல் வைத்து எண்ணிவிடக்கூடிய சதுரங்களால் ஆன உலகம். சிவப்புத் துணி போர்த்திய ஒரு வீரன், ஒரு வாள், ஒன்பது தளம். ஒரு அடி பட்டால் பாதி உயிர் போகும், இரண்டாம் அடியில் சாவு. செத்தால் கடைசியாக ஏற்றிய விளக்குக் கம்பத்தடியில் மறுபடி எழுந்து நிற்கலாம். இரக்கமில்லாத ஆட்டம் என்று பலபேர் பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பெனடிக்ட்டைப் பிடித்து உட்கார வைத்ததே அதுதான். இரக்கம் கிடையாது, ஆனால் பொய்யும் கிடையாது. ஒவ்வொரு பூதமும் அடிப்பதற்கு முன் கண்ணிமைக்கும் நேரம் தோளைப் பின்னால் இழுக்கும். அதைப் பார்த்துவிட்டால் பிழைக்கலாம். பார்க்காவிட்டால் செத்தது உன் குற்றம். நாற்பது தடவை செத்தவனுக்கு நாற்பத்தோராம் தடவை விரலே வழி சொல்லும். அந்த ஒரு நொடியில், பெரிய பூதம் மண்டியிட்டுச் சாய்கிறபோது, தன் வாழ்க்கையில் எந்த மேஸ்திரியும் முதலாளியும் சொல்லாத ஒரு வார்த்தையை யாரோ தன்னிடம் சொன்னதுபோல அவனுக்கு நெஞ்சு நிறையும்.

அவன் தொழிலில் அது கிடையாது. பன்னிரண்டு வருடமாகப் போர்வெல் ரிக் லாரியில் டிரில்லர். நீரோட்டம் பார்க்கத் தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடக்கிறவன் காட்டிய இடத்தில் ஆறரை இஞ்ச் ஓட்டை போட வேண்டும். இருபதடி நீள ராடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி இறக்க வேண்டும். அதே கை, அதே கவனம்தான். ஒரு காட்டில் நானூறு அடியில் தண்ணீர் பீறிடும். வரப்புக்கு அந்தப் பக்கம் ஆயிரம் அடி போனாலும் புழுதிதான் பறக்கும். புழுதி பறந்தால் திட்டு டிரில்லருக்கு. உழைப்புக்கும் பலனுக்கும் சம்பந்தமே இல்லாத பிழைப்பு என்று அவனுக்குள் ஒரு கோபம் பல வருடமாகக் கனன்றது. ஆட்டம் அந்தக் கோபத்துக்குக் கையில் ஒரு வாளைக் கொடுத்தது.

அன்று சாயங்காலம் மாதையன் கூப்பிட்டார். ரிக்கில் ராடு மாட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டிய மனிதர். கம்ப்ரஸர் பழுது பார்க்கத் திருச்செங்கோட்டுப் பட்டறையில் லாரியை விட்ட அன்று, ராடு சறுக்கிக் காலில் விழுந்துவிட்டது. பரமத்தி வேலூரில் தன் வீட்டில் மாவுக்கட்டோடு கிடந்தார்.

“தம்பி, நாம கடைசியாப் போட்ட ஓமலூர்க் காடு ஞாபகமிருக்குதுங்களா?”

“இருக்குது, சொல்லுங்கண்ணா.”

“அந்தக் குழிக்கு மூடி போட்டீங்களா? நானு லாரி மேல ராடு அடுக்கிட்டிருந்தனுங்க, பாக்கல. படுத்தே கெடக்கறமா, அந்த நெனப்பே வருது.”

“சாக்கு போட்டேன்.”

“சாக்குங்களா?”

“சாக்குதான். அந்தாளு பேசுன பேச்சுக்குத் தங்கத்துல மூடி செஞ்சு போடோணுமா?”

“பேசுனது அந்தாளுங்க. குழி என்னங்க பண்ணுச்சு?” என்றார் மாதையன். “கேசிங் இல்லாத வாயி. மழ வேற வருது. ஒரு மூடி, ரெண்டு சட்டி மண்ணு. உங்க ஊட்ல இருந்து அரைமணி நேரம்தானுங்க சாமி.”

“நாளைக்குப் பாக்கறேன்.”

அந்தக் காடு அங்கம்மாள் என்கிற விதவையின் மானாவாரி நிலம். முப்பத்தொன்பது ராடு இறங்கியது அங்கே. எழுநூற்றெண்பது அடி. வெள்ளைப் புழுதி தவிர ஒரு சொட்டு இல்லை. அவளுடைய கொழுந்தன் ஜெகதீஸ்வரன் பைக்கில் வந்து இறங்கி, ஊர் பார்க்க பெனடிக்ட்டின் சட்டையைப் பிடித்தான். “பூமியப் பொத்தலாக்கிட்டு ஓடற நாயி” என்று ஆரம்பித்து அவனைப் பெற்றவள்வரைக்கும் போனான். அங்கம்மாள் இருவருக்கும் நடுவே வந்து, “அவுரு கெடக்கறாருங்க, நீங்க குடிங்க சாமி” என்று ஒரு சொம்பு மோரை நீட்டினாள். பெனடிக்ட் வாங்கவில்லை.

தண்ணீர் வராத குழியிலிருந்து, மேல்மண் சரியாமல் இருக்க இறக்கிய கேசிங் குழாயை உருவிக்கொண்டு போவது ரிக்காரர்கள் வழக்கம். உருவிய பிறகு குழியின் வாயில் இரும்பு மூடி வைத்து மண்ணைத் தள்ளி மிதிப்பது டிரில்லரின் வேலை. அதை வேறு யாரும் செய்வதில்லை. செய்தானா என்று யாரும் பார்ப்பதும் இல்லை. மூடி அன்று லாரியில்தான் இருந்தது. கொஞ்சம் குனிந்தால் எடுத்திருக்கலாம். கோபம் அவனைக் குனியவிடவில்லை. காலிச் சிமெண்ட் சாக்கு ஒன்றைக் காலால் தள்ளிக் குழியின்மேல் விட்டு, ஒரு கல்லை அதன்மேல் உதைத்துவிட்டு, லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

பன்னிரண்டு வருடத்தில் அது முதல் சாக்கும் அல்ல. மற்றக் குழிகளுக்குள் என்ன விழுந்தது என்று அவன் திரும்பிப் போய்ப் பார்த்ததும் இல்லை.

போனை வைத்துவிட்டு மறுபடி ஆட்டத்துக்கு வந்தபோது, உருவம் மறுபடி நின்றிருந்தது. ஆனால் அடியில் அல்ல. கொஞ்சம் மேலே. செங்கல் வளையங்களை விரலால் தொட்டு எண்ணினான். அவன் அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை. விளக்குக் கம்பத்திலிருந்து அடிவரை முப்பத்தொன்பது வளையம்.

உருவம் நின்றது முப்பத்துநாலாவதில்.

மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மழை வருகிறது என்றான், பைக்குக்குப் பெட்ரோல் இல்லை என்றான், கடைசியில் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்துகொண்டான். போனால் ஜெகதீஸ்வரன் நிற்பான், சிரிப்பான், “வந்துட்டியா” என்பான். அந்த ஒரு சிரிப்பை நினைத்தாலே காது சுட்டது. மற்றவர்கள் ஆடுகிற வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தான். ஏழாம் தளத்துக் குழி எல்லோருக்கும் வெறுமையாகத்தான் இருந்தது. ஒருவனுக்கும் அது வரவில்லை. அவனுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் வந்தது. வெட்டினால் உதிர்ந்தது, திரும்பி வந்தால் இன்னும் மேலே நின்றது. முப்பது. இருபத்தாறு. வாள் பட்ட தலையில் ஒரு சதுரம் கறுத்திருந்தது. அடுத்த நாள் மூன்று சதுரம்.

ஐந்தாம் நாள் ஆத்திரத்தில் ஆட்டத்தை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினான். ஆறு வார உழைப்பு போனது. முதல் தளத்திலிருந்து கொலைவெறியோடு இறங்கினான். விரல் கற்றதை மறக்கவில்லை, ஆறு மணி நேரத்தில் ஏழாம் தளம் வந்துவிட்டான். விளக்கை ஏற்றிக் கீழே பார்த்தான்.

பதினேழாவது வளையம். கை தூக்கியிருந்தது.

நிறுத்தியிருக்கலாம். லேப்டாப்பை மூடி அலமாரியில் வைத்திருக்கலாம். அதை நினைத்தபோதெல்லாம் தோற்றுப்போகிற ஆத்திரம் வந்தது. ஒரு பொம்மைக்கு, நாலு சதுரத்துக்கு, பயந்து எழுந்து போவதா?

அறைக்குள் ஒரு வாசம் வர ஆரம்பித்தது. முதலில் வினோலியாதான் சொன்னாள்: சுண்ணாம்பு மாதிரி, ஈரக் கல் மாதிரி. பெனடிக்ட்டுக்கு அது என்னவென்று தெரியும். ராடு பாறைக்குள் இறங்கும்போது குழியிலிருந்து பொங்கி வருகிற சாம்பல் சேற்றின் வாசம் அது; எத்தனை சோப்புப் போட்டாலும் மூன்று நாளைக்கு நகக்கண்ணைவிட்டுப் போகாதது. லேப்டாப்பின் பொத்தான்களுக்கு இடையே மெல்லிய சாம்பல் பொடி படிந்தது. துடைத்தால் மறுபடி படிந்தது. திரையின் ஓரத்தில் ஐந்து சின்னக் கறைகள், பிள்ளை விரல் வைத்து அழுத்தினதுபோல. வினோலியா ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள்.

“ஏனுங்க,” என்றாள் மெதுவாக. “இது உள்பக்கம் இருக்குது.”

லேப்டாப் மூடியிருக்கும்போதும் சத்தம் கேட்டது. சுரண்டுகிற சத்தம். ஒரு சுரண்டல், ஒரு இடைவெளி, ஒரு மூச்சு. மறுபடி ஒரு சுரண்டல். மெஷின் ஓடும்போது கேட்காது. வினோலியா தையலை நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும் கேட்டது. அதற்காகவே அவள் துணியில்லாமலும் மெஷினை ஓடவிட்டாள்.

எட்டாம் நாள் பகலில் மாதையனின் போனை அவள்தான் எடுத்தாள். “ஆமாங்கண்ணா... அப்படிங்களா... இல்லீங்களே, எங்கிட்டச் சொல்லலைங்க” என்று கேட்டுக்கொண்டே வந்தவள், போனை வைத்துவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள்.

“குழிய மூடாமயா வந்தீங்க?”

“சாக்கு போட்டிருக்கேன்.”

“ஒரு ஆட்டுக்குட்டி கால் வெச்சாப் போயிருமே, சாக்கு தாங்குமாங்க? எந்திரிங்க. ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம். நானும் வாரேன்.”

“அந்தாளு மூஞ்சில நான் முழிக்கணுமா?”

“ஆரு மூஞ்சிலயும் முழிக்க வேண்டாம். குழிய மூடிட்டு வந்தாப் போதும். நீங்க போகலைன்னா நான் பஸ் ஏறிப் போறேன்.”

“போடி! போயி அந்தக் குழிக்குள்ளயே உழு!”

கத்திக்கொண்டே அவன் கையை வீசினான். மெஷின் பக்கத்தில் அடுக்கியிருந்த தைத்த சீருடைகள் சரிந்து தரையெல்லாம் சிதறின. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான சட்டைகள், கையகலக் கால்சட்டைகள். வினோலியா மண்டியிட்டு ஒவ்வொரு சட்டையாக எடுத்து, தூசு தட்டி, கையை மடித்து, காலரை நீவி அடுக்கினாள். எல்லாவற்றையும் அடுக்கி முடித்ததும் மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துவிட்டு, முக்காட்டைப் போட்டுக்கொண்டு, “சாயங்காலப் பூசைக்குப் போறேன். உங்க கோவத்துக்கு என்னால வேற ஒண்ணும் பண்ண முடியலைங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவளைப் பின்னால் கூப்பிடலாம் என்று தோன்றியது. கூப்பிடவில்லை. லேப்டாப்பைத் திறந்தான்.

மூன்றாவது வளையம்.

வெட்டினான். விளக்கடிக்கு வந்து மறுபடி பார்த்தான்.

இரண்டாவது.

இப்போது அது தெளிவாகத் தெரிந்தது. முகத்துச் சதுரம் வெள்ளையாக இல்லை, சாம்பல். தலை முழுவதும் கறுப்புக் கோடுகள். தூக்கிய கை மட்டும் அப்படியே இருந்தது. வெட்டினான். அழுத்திய வேகத்தில் பொத்தான் பிய்ந்து வந்தது. அடியில் ஈரம். சாம்பல் ஈரம்.

முதல் வளையம்.

வெட்டினான்.

திரை ஒரு நொடி இருண்டு வந்தது. விளக்கு எரிந்தது. வீரன் நின்றான். பெனடிக்ட் குழியைப் பார்த்தான். முதல் வளையத்தில் இல்லை. இரண்டில் இல்லை. பத்தில் இல்லை. அடிவரை எண்ணினான். முப்பத்தொன்பது. குழி காலி.

சுரண்டல் நின்றிருந்தது.

அறையில் எந்தச் சத்தமும் இல்லை. எட்டு நாளில் முதல் தடவையாக.

அந்த அமைதிதான் அவனை எழுப்பியது. மேலே வந்துவிட்டது என்று எண்ணினான். எங்கே என்று எண்ணவில்லை; ஓமலூர்க் குழியை மூட வேண்டும் என்பது மட்டும்தான் தோன்றியது. சட்டையை மாட்டி, பைக்கை எடுத்து, ஐந்து ரோட்டுப் பக்கத்தில் குழாய்க் கடையொன்றில் ஆறரை இஞ்ச் மூடி ஒன்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஓமலூர் ரோட்டில் ஓட்டினான். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டின. மேற்கே மேகத்துக்கு அடியில் ஒரு விரல் அகல வெளிச்சம் மிச்சமிருந்தது. முதல் நாளே போயிருந்தால் அரைமணி நேரம். எட்டு நாளின் எட்டு அரைமணி நேரங்களையும் அவன் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனான்.

காட்டில் ஜெகதீஸ்வரன் இல்லை. குழியருகே அங்கம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் முள் வெட்டிப் போட்டு, ஒரு ஆள் நுழைய மட்டும் வழி விட்டிருந்தாள். மடியில் நைலான் கயிறு சுருள் சுருளாகக் கிடந்தது. அதன் நுனியில் ஒரு டம்ளர் கட்டியிருந்தது.

“ஆருங்க? போரு போட்ட தம்பிங்களா? வாங்க சாமி.” அவள் குரலில் துளிக் கசப்பு இல்லை. “உங்களத்தான் நெனச்சிட்டிருந்தேன். கல்லு சரிஞ்சு சாக்கு உள்ள போயிருச்சுங்க.”

“மூட வந்தேன். மன்னிச்சுருங்க.”

“இப்ப மூடாதீங்க. உள்ள சீவன் இருக்குது.”

பெனடிக்ட் மூடியைக் கையில் பிடித்தபடி அவள் பக்கத்தில் குந்தினான்.

“எட்டு நாளாச்சு. மூக்க இழுக்கறாப்ல சத்தம் கேட்டுச்சு. பயந்துபோயி ஊர்ல ஒரு ஊடு விடாமக் கேட்டேன். அல்லார் புள்ளையும் ஊட்டுலதான் இருக்குது, ஒண்ணுங் காணாமப் போகல. ஊர்க்காரங்க டார்ச் அடிச்சுப் பாத்தாங்க, ஒண்ணுந் தெரியல. எங்க கொழுந்தனாரு காத்துச் சத்தம்னு சிரிச்சிட்டுப் போனாரு. எனக்கு மனசு கேக்கல. பூனையோ நாயோ, பசிக்குமல்ல? தெனமும் கஞ்சி எறக்கறேன்.”

“குடிக்குதா?”

“கழுவி வெச்சாப்ல டம்ளரு மேல வருதுங்க.” அவள் சிரித்தாள். பிறகு கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். “மொத நாளு மூணு கட்டுக் கயிறும் பத்தும் பத்தாம இருந்துச்சு. அப்புறம் நாளுக்கு நாளு கயிறு மிச்சமாவுது. இன்னைக்கு...”

அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். ஒரு கை நீளம்தான் உள்ளே போகிறது.

பெனடிக்ட் குழியைப் பார்த்தான். மழையில் வாய் கரைந்து ஒரு அண்டா அகலத்துக்கு விரிந்திருந்தது. கையிலிருந்த மூடி அதற்கு முன்னால் விளையாட்டுச் சாமான்போல இருந்தது. போன் வெளிச்சத்தை உள்ளே பிடித்தான். சாம்பல் சேறு. சுவர். அதற்குக் கீழே வெளிச்சம் போகவில்லை.

கீழேயிருந்து மூச்சு.

மிகப் பக்கத்தில்.

“எனக்குக் கை எட்டல சாமி,” என்றாள் அங்கம்மாள். “உங்க கை நீளமுங்க. கொஞ்சம் குனிஞ்சு கையக் குடுங்களேன்.”

கோபம் இருந்திருந்தால் எழுந்து போயிருப்பான். தேடிப் பார்த்தான், அது எங்கேயும் இல்லை. எட்டு நாளாக, பன்னிரண்டு வருடமாக, அவனைத் தாங்கிப் பிடித்திருந்தது போய்விட்டிருந்தது. முழங்காலில் உட்கார்ந்தான். பிறகு மார்பைத் தரையில் வைத்துப் படுத்தான். ஈரமண் சட்டைக்குள் ஏறியது. கன்னம் சேற்றில் பதிந்தது. வலது கையை உள்ளே விட்டான்.

மணிக்கட்டு. முழங்கை. தோள்.

ஒன்றும் இல்லை. குளிர்.

இன்னும் கொஞ்சம்.

முடி.

நனைந்த, சேறு கட்டிய, மெல்லிய முடி. அதற்குக் கீழே ஒரு தலை. அவன் உள்ளங்கைக்குள் அடங்குகிற தலை. சுடவில்லை, குளிரவும் இல்லை. விரல் நகர்ந்தது. உச்சியில் ஒரு பள்ளம். நேராக, ஒரே அகலத்தில். அதன் பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. எண்ண வேண்டாம் என்று நினைத்தான். விரல் எண்ணியது. எண்ணி முடியவில்லை.

“கெடச்சுதுங்களா?”

கையை உருவப் பார்த்தான். அதற்குள் அது அவன் விரல்களைப் பிடித்தது. முரடாக அல்ல. ரோட்டைக் கடக்கப் பிள்ளை கை கொடுப்பதுபோல, மெதுவாக, முழு நம்பிக்கையோடு. ஐந்து விரல்.

பிடித்தது. விடவில்லை.

“சாமி? கெடச்சுதுங்களா?”

வாயைத் திறந்தான். மண் உள்ளே வந்தது. கடைசி வெளிச்சம் வரப்பைவிட்டுப் போயிருந்தது. இரண்டாவது கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

பிறகு, முதல் இரண்டும் பிடியைத் தளர்த்தாமலே, அவற்றுக்குக் கீழேயிருந்து இன்னும் சின்னதாக ஒரு மூன்றாவது கை எட்டி வந்து, அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.